திட்டமிடலை வெட்டாதீர்கள், மாளிகையை எழுதுங்கள்

ஒரு களவுச் சாகசம் நடத்தப் போகிறேன் என்று ரோல்பிளேயிங் ஆட்டக்காரர்கள் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதல் அறிவுரை உடனே வரும்: “திட்டம் போட விடாதே. நேராக மதிலேறும் இடத்தில் ஆரம்பி. மிச்சத்தை ஃபிளாஷ்பேக்கில் பார்த்துக்கொள்ளலாம்.” கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கருத்து விதியாகவே உறைந்துவிட்டது. புதிதாக ஆட்டம் நடத்த வருபவர்கள் ஏன், எதற்கு என்று கேட்காமலே இதை ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த விதி தவறானது. களவுச் சாகசத்தின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கேயே கத்தியை வைக்கிறது.

எதிர்த்தரப்பின் வழக்கு லேசானதல்ல. அதைக் குறைக்காமல் வைக்கிறேன். ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் மாளிகையின் வரைபடம். அகழியை நீந்திக் கடப்பதா, வைக்கோல் வண்டியில் ஒளிந்து வாசல் வழியே போவதா என்று பேச்சு தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் கழித்தும் அதே அகழி, அதே வண்டி. இருவர் வாதாடுகிறார்கள், மற்ற இருவர் கைபேசியைத் தடவுகிறார்கள், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஒருவழியாகத் திட்டம் முடிவாகி மதிலேறினால் முதல் பகடையிலேயே கால் வழுக்குகிறது, காவலன் கத்துகிறான், அப்புறம் வாள் சண்டைதான். பேசிய இரண்டு மணி நேரமும் வீண். 1989-இல் வந்த ஷேடோரன் ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இந்த அலுப்பு நன்றாகத் தெரியும்.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் (2017) இதற்கு நேர்த்தியான விடை தந்தது. தாக்குதல், ஏமாற்று, ஓசையின்றி நுழைவது என்று ஆறு வகைத் திட்டங்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வேண்டிய ஒரே ஒரு விவரத்தைச் சொன்னால் போதும். ஒரு பகடை வீச்சு, உடனே களவின் நடுவில் இருப்பீர்கள். தடை வந்தால் “இந்தக் காவலனுக்கு நேற்றே பணம் கொடுத்துவிட்டேன்” என்று ஃபிளாஷ்பேக் சொல்லலாம். எளிய காரியமென்றால் விலை கிடையாது. சிக்கலானதற்கு ஒரு மன அழுத்தப் புள்ளி, வெகு விரிவானதற்கு இரண்டோ அதற்கு மேலோ. ஒரு பாத்திரத்துக்கு மொத்தமே ஒன்பது மன அழுத்தக் கட்டங்கள்தான். அந்த ஆட்டத்தின் மீது எனக்கு வழக்கு இல்லை. அதிலிருந்து ஒரே ஒரு விதியைப் பிடுங்கி, எல்லா ஆட்டத்துக்கும் எல்லாக் களவுக்கும் பொதுச் சட்டமாக்கியவர்கள் மீதுதான் வழக்கு.

1. சினிமாவில் திட்டத்தைக் காட்டுவதில்லையே என்கிறார்கள். யார் சொன்னது? ஜூல்ஸ் டாசின் இயக்கிய ரிஃபிஃபி (1955) படத்தில் சுமார் அரை மணி நேரம் ஒரு வசனமும் இல்லாமல், பின்னணி இசையும் இல்லாமல் ஒரு நகைக்கடைக் களவு நடக்கிறது. மேல்வீட்டுத் தரையைத் துளைக்கிறார்கள். முதல் ஓட்டை விழுந்ததும் அதற்குள் ஒரு குடையை நுழைத்து விரிக்கிறார்கள். பெயர்ந்து விழும் காரை அதில் சேர்கிறது, கீழே சத்தம் கேட்பதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். ஏன்? அதற்கு முன்பே அவர்கள் அதே மாதிரி அபாயமணி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதை எப்படி ஊமையாக்குவது என்று திரும்பத் திரும்பச் சோதித்ததைப் பார்த்திருக்கிறோம். எந்தச் சத்தம் ஆபத்து என்று நமக்குத் தெரியும். திட்டத்தைக் காட்டியதால்தான் அந்த மௌனம் வேலை செய்கிறது.

ஓஷன்ஸ் லெவன் (2001) போன்ற படங்கள் திட்டத்தின் ஒரு பகுதியை மறைப்பது உண்மைதான். யாரிடமிருந்து மறைக்கின்றன? பார்வையாளரிடமிருந்து. திட்டம் போட்ட திருடர்களுக்கு அது தெரியும். மேசையில் உட்கார்ந்திருப்பவர் பார்வையாளர் அல்ல, திருடுகிறவர். அவரிடமிருந்தும் திட்டத்தை மறைத்தால் அது யாருக்குமே தெரியாத திட்டம். தெரியாதது மட்டுமல்ல, இல்லவே இல்லாத திட்டம். பிறகு அதை வெளிப்படுத்துவதாக நடிப்பதில் என்ன வியப்பு இருக்க முடியும்?

2. “திட்டம் எப்படியும் உடையும், பிறகு எதற்குப் போடுவது?” திட்டம் தானாக உடைவதில்லை, விதிகள் உடைக்கின்றன. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு காவலனைச் சத்தமின்றிக் கடக்க நூற்றுக்கு 75 வாய்ப்பு என்று வைப்போம். தாராளமான வாய்ப்புதான். மாளிகையில் அப்படி நான்கு இடங்கள் இருந்தால் அவர் நான்கையும் கடக்க நூற்றுக்குச் சுமார் 32. நான்கு பேர் போனால், நால்வரும் எல்லா இடத்திலும் தப்புவதற்கு நூற்றில் ஒரே ஒரு வாய்ப்பு. ஒரு தவறு நடந்தால் மொத்த வீடும் விழித்துக்கொள்ளும் என்று கேம் மாஸ்டர் வைத்திருந்தால், அங்கே எந்தத் திட்டமும் பிழைக்காது. குற்றவாளி அந்த ஒற்றை அபாயமணி. தண்டனை மட்டும் திட்டமிடலுக்கு.

மருந்து எளிது. 2014-இன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகத்திலேயே குழுவாகச் செய்யும் முயற்சியில் பாதிப் பேர் தேறினால் குழுவே தேறியதாகக் கொள்ளும் வழி இருக்கிறது. பல மேசைகளில் அது மறந்தே போகிறது. அதைவிட முக்கியம், வீடு படிப்படியாக விழிக்க வேண்டும். முதலில் ஒரு நாய் தலையைத் தூக்கும். அடுத்து ஒரு வேலைக்காரி விளக்கோடு எட்டிப் பார்ப்பாள். பிறகு காவலன் இன்னொருவனை அழைத்து வருவான். அதற்கும் பிறகுதான் மணி அடிக்கும், வாசல் சாத்தப்படும். ஒவ்வொரு படியிலும் திருடர்களுக்கு ஒரு மூச்சு நேரம், மாற்று வழி யோசிக்க ஒரு வாய்ப்பு. இப்படி வளரும் ஆபத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பிக் காட்டும் வட்டத்தை ஹார்ப்பரின் ஆட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அவரிடமிருந்து கடன் வாங்க வேண்டியது அதைத்தான்.

3. பாத்திரம் கைதேர்ந்த திருடன், ஆட்டக்காரர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இவருக்குத் தெரியாததை ஃபிளாஷ்பேக் ஈடுகட்டுகிறது என்ற வாதம் கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அது இரண்டு வேறு திறமைகளைப் போட்டுக் குழப்புகிறது. பூட்டைத் திறப்பதும் சுவரேறுவதும் கைத்திறன். அதைப் பகடையிடம் விடுங்கள். எந்தப் பூட்டைத் திறப்பது, எப்போது திறப்பது, யாரை நம்புவது என்பது முடிவெடுக்கும் திறன். அதையும் பகடைக்குக் கொடுத்துவிட்டால் ஆட்டக்காரருக்கு மிஞ்சுவது என்ன? கைதேர்ந்த திருடனின் அனுபவம் ஆட்டத்துக்குள் வரவேண்டிய வழி வேறு. கேம் மாஸ்டர் வாய் திறந்து சொல்ல வேண்டும்: “இந்தத் தொழிலில் ஊறியவள் நீ. பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது, அந்த மேற்குச் சுவரில் சாரம் கட்டிய ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள், கால் வைக்கலாம்.” பகடை வேண்டாம், விலை வேண்டாம். அனுபவம் தகவலாக வரட்டும். அதை வைத்து ஆட்டக்காரர் யோசிக்கட்டும்.

4. திட்டமிடுவது ஆட்டத்துக்கு முந்தைய வேலை என்று நினைப்பதுதான் இந்தத் தவறுகளின் வேர். இந்தப் பொழுதுபோக்கின் பூர்வீகத்தைப் பாருங்கள். 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் அமைத்த போர்ப்பயிற்சி ஆட்டத்தில் இரு தரப்பினரும் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். களத்தில் நிற்கும் தளபதிக்கு எது தெரியுமோ அதை மட்டும் நடுவர் சொல்வார். அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுப்பது, அதன் பலனை நடுவர் வாயால் கேட்பது: அவ்வளவுதான் ஆட்டம். அந்த மரபில் வந்த போர் ஆட்ட மேசைகளிலிருந்துதான் டேவிட் வெஸ்லியின் 1969 பிரான்ஸ்டைன் ஆட்டம் பிறந்தது, டேவ் ஆர்னெசனின் பிளாக்மூர் பிறந்தது, 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்தது. திட்டமிடல் இங்கே வந்து ஒட்டிக்கொண்ட சுமையல்ல, தாய்.

5. அப்படியானால் மேசையில் ஏன் அலுப்புத் தட்டுகிறது? மாளிகை வெறுமையாக இருப்பதால். எல்லாத் தரப்பும் தவறவிடும் இடம் இதுதான், இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வழக்கமான களவுச் சாகசத்தின் வரைபடத்தைப் பாருங்கள்: அறைகள், கதவுகள், ஒவ்வொரு அறையிலும் இத்தனை காவலர்கள். அவர்கள் எப்போது சாப்பிடுகிறார்கள், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், எந்தக் கதவு கிறீச்சிடும், ஒன்றும் கிடையாது. இதை வைத்து எப்படித் திட்டம் போடுவது? ஊகிக்கத்தான் முடியும். இரண்டு ஊகங்களில் எது மேல் என்று தீர்மானிக்க எந்த அளவுகோலும் இல்லாததால் வாதம் இரண்டு மணி நேரம் நீள்கிறது. அகழியா வண்டியா என்ற பேச்சு முடியாததற்குக் காரணம் இதுதான்: அகழியின் ஆழமும் யாருக்கும் தெரியாது, வண்டி எந்நாளில் வருகிறது என்பதும் தெரியாது.

மெய்யான கோட்டை மாளிகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் உள்ள ஸ்டோக்சே. பெயரில் காசில் என்று ஒட்டியிருந்தாலும் அடிப்படையில் அது வீடு. லட்லோவைச் சேர்ந்த லாரன்ஸ் என்ற பெரும் கம்பளி வணிகர் கட்டியது. மதிலுக்கு ஞாயில்கள் வைத்து அரணாக்கிக்கொள்ள அரசர் முதலாம் எட்வர்டு 1291-இல் அவருக்கு அனுமதி தந்தார். அகழி உண்டு, கோபுரம் உண்டு. ஆனால் நடுக்கூடத்துக்கு வைத்திருப்பவை உயர்ந்த பெரிய சன்னல்கள். முற்றுகைக்கு அஞ்சுகிறவர் அப்படிச் சன்னல் வைக்க மாட்டார். கூடத்தை அடுத்து மாடியில் எசமானரின் தனியறை. கூடத்துக்குள்ளிருந்து அதற்குப் படி கிடையாது. முற்றத்துக்கு வந்து வெளிப்படிக்கட்டில்தான் ஏற வேண்டும். அந்த அறையின் கணப்புக்கு இரு புறமும் சுவரில் சிறிய பார்வைத் துளைகள். அங்கே நின்றால் கீழே கூடத்தில் நடப்பது தெரியும்.

இப்போது திருட வேண்டிய பெட்டி அந்தத் தனியறையில் இருக்கிறது என்று வையுங்கள். இந்த நான்கைந்து உண்மைகளே எவ்வளவு யோசிக்க வைக்கின்றன பாருங்கள். பரிமாறும் ஆட்களாக வேடமிட்டுக் கூடத்தில் புகலாம் என்றால், மேலே துளைக்குப் பின்னால் எசமானர் நின்று எண்ணிக்கொண்டிருக்கலாம். ஆக, விருந்து நேரத்தில் அவரைக் கூடத்திலேயே உட்கார வைக்க வேண்டும். யாரால் முடியும்? புகழைக் கேட்டால் எழுந்து போகமாட்டார் என்றால் ஒரு பாணன் போதும். அவர் கீழே இருக்கிறார் என்றால் தனியறை காலி. அப்போது அதே துளை திருடர்களின் கண்ணாகிவிடுகிறது, அவர் நாற்காலியை விட்டு எழுந்தாரா என்று மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அறைக்குப் போகும் படி முற்றத்தைப் பார்த்து இருக்கிறது. மழை இரவென்றால் முற்றத்தில் யார் நிற்பார்கள்? கூடத்தில் தீ எரியும்வரை சன்னல் வெளிச்சம் அகழித் தண்ணீரில் விழும், நீந்துகிறவன் தலை தெரியும். விருந்து நேரம் அறைக்கு நல்லது, அகழிக்குக் கெட்டது. இங்கே பிறக்கும் வாதம் ஊகத்தைப் பற்றியதல்ல. ஒரு உண்மையை இன்னொரு உண்மையோடு எடைபோடும் வாதம். இதில் யாரும் கைபேசியை எடுக்க மாட்டார்கள்.

ஃபிளாஷ்பேக் முறையில் இதே இரவு என்ன ஆகும்? திருடர்கள் மாடியில் நிற்கிறார்கள், எசமானர் வருகிறார், “நேற்றே அவர் கோப்பையில் மயக்க மருந்து கலந்துவிட்டேன்.” முடிந்தது. பார்வைத் துளையை யாரும் தேடவில்லை, வெளிப்படி யாருக்கும் பொருட்டில்லை. ஸ்டோக்சேயாக இருந்தாலும் ஒரு மாட்டுக்கொட்டகையாக இருந்தாலும் அந்த வாக்கியம் ஒன்றுபோலவே செல்லும். எந்த வீட்டையும் பின்னோக்கி மாற்றிக்கொள்ளலாம் என்றானபின் அந்த வீட்டில் உண்மை என்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஹார்ப்பரின் ஆட்டத்தில் இதற்கு ஈடாக மன அழுத்தம் ஏறுகிறது, ஒன்பதும் நிரம்பினால் பாத்திரம் நிரந்தர வடுவோடு விலக வேண்டும். அந்த விலையே இல்லாத ஆட்டங்களுக்கு வெறும் ஃபிளாஷ்பேக்கைக் கடத்திக்கொண்டு போகிறவர்கள் எதை வைத்து ஈடுகட்டுகிறார்கள்? பெரும்பாலும் ஈடுகட்டுவதே இல்லை.

மாளிகைக்கு அதன் சொந்த ரகசியங்களும் வேண்டும். முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் கத்தோலிக்கப் பாதிரிமாரை வேட்டையாடியபோது இங்கிலாந்தின் பல மாளிகைகளில் மறைவிடங்கள் கட்டினார்கள். வூஸ்டர்ஷயரின் ஹார்விங்டன் ஹாலில் சுவரோடு சுவராக நிற்கும் ஒரு மரத்தூண் தள்ளினால் சுழலும், பின்னால் ஆள் ஒளியும் பொந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது வெளியே தெரிந்தது. வாரிக்ஷயரின் பேடஸ்லி கிளிண்டனில் 1591-இல் சோதனை வந்தபோது பாதிரிமார் வீட்டுக்கு அடியிலுள்ள கழிவுநீர்ச் சுருங்கையில், தண்ணீரில் கால் நனைய மணிக்கணக்கில் நின்று தப்பினார்கள். அந்தச் சுருங்கையை உங்கள் மாளிகையில் வையுங்கள். கழிவுநீர் அகழியில் கலக்கும் இடத்தில் ஒரு வாய் இருக்கும். கரையில் நின்று கவனிப்பவருக்குத் தண்ணீரின் நிறம் காட்டிக்கொடுக்கும். வீட்டுக்காரரே அதை மறந்திருக்கலாம், வயதான ஒரு சமையற்காரிக்கு மட்டும் நினைவிருக்கலாம். அவளிடம் பேசப் போவது யார், என்ன சொல்லி? அதுவே ஒரு முழு மாலையின் ஆட்டம்.

6. நேரம் போகிறதே என்ற புகார் மட்டும் நிற்கிறது. அது நியாயமான புகார். விடை பேச்சை வெட்டுவதல்ல, பேச்சை நடமாட்டமாக்குவது. வாதம் ஒரே இடத்தில் சுற்றுகிறதென்றால் அங்கே ஒரு தகவல் குறைகிறது என்று அர்த்தம். கேம் மாஸ்டர் சும்மா உட்காராமல் கேட்க வேண்டும்: “இது யாருக்குத் தெரிந்திருக்கும்? போய்ப் பார்த்து வருகிறீர்களா?” கம்பளி வாங்க வந்த கணக்குப்பிள்ளையாக ஒருத்தி வாசலுக்குப் போகட்டும். வாயிற்காவலன் பெருங்கதவைத் திறக்காமல் திட்டிவாசலை மட்டும் திறந்து, குனிந்து வரச் சொல்கிறான். உள்ளே போவதற்குள் மூன்று விஷயம் தெரிந்துவிட்டது: பெருங்கதவு மாலையில் திறப்பதில்லை, திட்டிவாசலில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம், காவலனுக்கு இடது காது மந்தம். கூடவே ஒரு விலை: அவள் முகத்தை அவன் பார்த்துவிட்டான். ஒற்றறிவது இலவசமாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரு தடயம் விழ வேண்டும், ஒரு பகல் கழிய வேண்டும்.

பகல்கள் எண்ணப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை பெட்டி துறைமுகத்துக்குக் கிளம்புகிறது என்று சொல்லிவிடுங்கள். திட்டம் தானாகச் சுருங்கும். நேரக் கணக்கைக் கறாராக வைக்க வேண்டும் என்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் பெரிய எழுத்தில் வற்புறுத்தினார். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. களவுக்கு அதைவிட நல்ல அறிவுரை இன்னும் யாரும் தரவில்லை.

பதிப்பாளர்களிடமும் மாற்றம் தெரிகிறது. 2018-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட வாட்டர்டீப் டிராகன் ஹைஸ்ட் சாகசத்தில், பெயரில் இருக்கும் ஹைஸ்ட், அதாவது களவு, உள்ளே இல்லையே என்று பலரும் குறைபட்டார்கள். அதே நிறுவனம் 2023-இல் 13 களவுகளைத் தொகுத்துக் கொண்டுவந்த கீஸ் ஃபிரம் தி கோல்டன் வால்ட்டில், ஆட்டக்காரர் கையில் கொடுக்கவென்றே முழுமையில்லாத வரைபடங்களை வைத்தது. கையில் வரைபடம், அதில் சில ஓட்டைகள், அவற்றை நிரப்பப் போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம். திட்டமிடல் மீண்டும் ஆட்டத்துக்குள் வருகிறது. அதில் எல்லாச் சாகசங்களும் சிறப்பு என்று சொல்ல மாட்டேன்; அந்த வரைபட யோசனை சரியானது.

கேம் மாஸ்டராக உட்காரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த களவுக்கு முன், காவலர் எத்தனை பேர் என்று எழுதுவதற்கும் முன், ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை அந்த மாளிகையில் யார் எங்கே இருக்கிறார்கள், எந்தக் கதவு எப்போது திறக்கிறது, வீட்டில் யாருக்கு யார் மேல் கோபம். நுழைய மூன்று வழி வையுங்கள், மூன்றிலும் ஒரு குறை வையுங்கள். அதை ஆட்டக்காரர்கள் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வழிவிடுங்கள். அதன் பிறகும் உங்கள் மேசையில் திட்டமிடல் அலுத்தால் தாராளமாக ஃபிளாஷ்பேக்குக்குப் போங்கள். அந்தப் பக்கத்தை எழுதாமல் போகாதீர்கள்.